நலம் எழுதாத காயிதம்

எனக்கு எழுபத்தேழு முடிந்து எட்டு நடக்கிறது. பெற்றது ஐந்து, கொழுந்தன் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஏழு. அந்த ஏழு பேரில் ஒருவர்கூட இன்றுவரை எந்தத் தாளிலும் பெருவிரலை உருட்டியதில்லை, எல்லாரும் கையெழுத்துப் போடுகிறவர்கள். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன், ஒரு பக்கம் எழுத அரை நாள் ஆகும், நடுவில் நாலு தரம் எழுந்து நடந்துவிட்டு வருவேன். ஆனாலும் இதை நானேதான் எழுதுகிறேன். பேத்தி மகேசு, "நீங்க சொல்லுங்க ஆச்சி, நான் டைப் அடிச்சுத் தாரேன்" என்று கேட்டாள், வேண்டாம் என்றுவிட்டேன். இதைச் சொல்லி எழுத வைக்க என்னால் முடியாது.

மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய மைதாப் பசைக்கு ஒரு வாடை உண்டு, புளிப்பும் இல்லாமல் இனிப்பும் இல்லாமல் தொண்டையில் வந்து உட்காரும். கோவில்பட்டிக்கு இரண்டு மைல் தள்ளி இருந்த எங்கள் ஊரில் அந்த வாடை இல்லாத வீடு கிடையாது. தீப்பெட்டிக் கம்பெனியிலிருந்து மரச்சில்லும் தாளும் வாங்கி வந்து, "அடிப்பெட்டி", "மேப்பெட்டி" என்று மடித்து ஒட்டி, காயவைத்து, சாக்கில் கட்டித் தலையில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வயதுப் பிள்ளைகளின் வேலை. எனக்கு அப்போது பத்து வயது. அந்த வாடை இப்போது எங்கேயும் இல்லை, நான்தான் போன ஆடி மாதத்திலிருந்து அதை மோந்துகொண்டிருக்கிறேன்.

ஆடியில்தான் மகேசு இங்கே வந்தாள். சென்னையில் ஒரு கம்பெனிக்கு இங்கிலீஷில் எழுதுவதைத் திருத்திக் கொடுக்கிற வேலை அவளுக்கு. கொஞ்ச நாள் வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்களாம். ஒரு நாள் காலையில் நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கிறேன், அவள் போனில் யாரையோ பிடித்து வாங்கு வாங்கென்று வாங்குகிறாள்: "'ப்ளீஸ்' போட்டுட்டீங்க, பெறவு எதுக்கு 'கைண்ட்லி'? ரெண்டும் ஒண்ணுதான், ஒண்ணை எடுங்க. 'ரிவர்ட் பேக்'ல அந்த 'பேக்' வேண்டாம். என்ன வேணும்ங்கறத முதல் வரியில சொல்லிருங்களேன், ரெண்டாம் பக்கம் வரைக்கும் யாரு படிப்பா?"

"ஏட்டி, யாரைப் போட்டு இந்தப் பாடு படுத்துத?" என்றேன்.

"கூட வேலை பாக்குற ஒரு அண்ணன் ஆச்சி. மூணு பக்கம் எழுதியிருக்காரு. லீவு கேக்காரா, சம்பளம் கேக்காரா, ஒண்ணும் விளங்கல."

அவள் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். எனக்குக் கீரையில் கை ஓடவில்லை. அன்றைக்குப் பிடித்த இருப்புக்கொள்ளாமை இன்னும் விடவில்லை, உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சொல்லுகிறது, எழுந்தால் உட்காரச் சொல்லுகிறது.

அப்பாவை நாங்கள் அய்யா என்றுதான் கூப்பிடுவோம். எனக்குப் பத்து வயதான அந்த வருஷம் புரட்டாசியில் அய்யா படுத்தார். வயிற்றில் கட்டி. பாளையங்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்துப் பார்த்துவிட்டு, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி வேணுங்கறதச் செஞ்சு குடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அம்மா அந்தப் பேச்சை யாரிடமும் திருப்பிச் சொல்லவில்லை. நோயைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் அது பாயை விரித்து உட்கார்ந்துகொள்ளும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. யார் கேட்டாலும் "மேலுக்குக் கொஞ்சம் சொகமில்ல" என்பதற்கு மேல் அவள் வாயில் வராது. அய்யா என்றால் இரண்டு கேள்விதான் கேட்பார். மேற்கே இடி இடித்தால், "வெதப்புக்கு ஆளு பாத்தாச்சா?" ரோட்டில் வண்டிச் சத்தம் கேட்டால், "சம்முவமா?"

சண்முகம் என் அண்ணன். வீட்டுக்கு ஒரே ஆண்பிள்ளை, வடக்கே பட்டாளத்தில் இருந்தான். அவனுக்கு வழக்கமாகப் போடும் தமிழ்க் கடிதத்தில் வரச் சொல்லி எழுதியதற்கு, வீட்டிலிருந்து பெரிய ஆபீசர் பேருக்கு இங்கிலீஷில் காயிதம் வந்தால்தான் லீவு கொடுப்பார்கள் என்று பதில் போட்டிருந்தான். தந்தி அடித்திருக்கலாமே என்று இப்போது கேட்பீர்கள். தந்தி என்றால் எங்கள் ஊரில் சாவு. மூச்சு இருக்கிற மனிதனுக்குத் தந்தி ஆபீஸ் படியேற மாட்டேன் என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றாள்.

அதனால் கோவில்பட்டித் தபால் ஆபீஸ் வாசலில் சாய்வுமேசை போட்டு மனு எழுதுகிற வேலாயுதம் அண்ணாச்சியிடம் போனோம். நானும் கூடப் போயிருந்தேன். மழை பெய்து கரிசல் மண் காலில் அப்பி, ஊரிலிருந்து ஆளுக்கு இரண்டு சேர் மண்ணைச் சுமந்துகொண்டு போய் அவர் முன்னால் நின்றோம். அம்மா விஷயத்தைச் சொல்லுவதற்கு முன்னால் ஒன்றைச் சொன்னாள்.

"அண்ணாச்சி, மொதல்ல நலம் எழுதிருங்க. நலம் எழுதாம ஆரம்பிச்சா அது எழவுக் காயிதம்."

மஞ்சள் தடவினது கல்யாணக் கடிதம், கறுப்புத் தடவினது கருமாதிக் கடிதம், தடவாத கடிதம் நலத்தில் ஆரம்பிக்க வேண்டும். நலம் இல்லாமல் ஒரு கடிதம் வந்தால் படிப்பதற்கு முன்னாலேயே ஒப்பாரி கிளம்பிவிடும். நாங்கள் அப்படித்தான் இருந்தோம்.

"எனக்கா தாயி சொல்லித் தாரீங்க?" என்று அண்ணாச்சி பேனாவை உதறினார். "நலத்துக்கு இங்கிலீஷ்ல நாலு வார்த்தை கெடக்கு. நாலையும் போட்டுருவோம். ஒண்ணு தேஞ்சாலும் இன்னொண்ணு தாங்கும்."

எழுதி முடித்து, ஒவ்வொரு வரியாக எங்களுக்குத் தமிழில் சொன்னார். இங்கு யாவரும் நலம், சுகம், சௌக்கியம், தேக ஆரோக்கியம். அங்கு தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் அவ்வண்ணமே நலம், சுகம், சௌக்கியம். தங்கள் பாதத்தில் பணிந்தும், தாழ்ந்தும், வணங்கியும், தெண்டனிட்டும் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம். இப்படியே இரண்டு பக்கம் போய், கடைசியில், அம்மா கைநாட்டு வைக்க விட்டிருந்த இடத்துக்குச் சற்று மேலே, வீட்டுக்காரருக்கு மேலுக்குக் கொஞ்சம் சுகமில்லாததால் மகனை அனுப்பினால் பெரிய உபகாரம் என்று ஒரு வரி. அம்மாவுக்கு அவ்வளவு திருப்தி. நகல் ஒன்றும் எழுதிக் கொடுத்தார். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து முகட்டில் செருகி வைத்தாள்.

மூன்று வாரம் கழித்து ஆபீசரிடமிருந்து பதில் வந்தது. தபால்காரருக்கு இங்கிலீஷ் தெரியாது. வேலாயுதம் அண்ணாச்சி ஏதோ விசேஷத்துக்கு எப்போதும்வென்றான் என்கிற ஊருக்குப் போயிருந்தார். "நீ பெட்டி குடுக்கத்தான போற, கம்பெனியில டைப் மிசின் அடிக்கிற அக்காகிட்டக் காட்டு" என்று அம்மா என்னிடம் பதிலைக் கொடுத்து, எதற்கும் இருக்கட்டும் என்று நகலையும் எடுத்துக் கொடுத்தாள். சாக்குக்கு உள்ளே நனையாமல் வைத்துக்கொண்டு போனேன்.

மிசின் அடிக்கிற அக்கா பேர் எஸ்தர். பாளையங்கோட்டைக்காரர். வடக்கே தீப்பெட்டி வாங்குகிற வியாபாரிகளுக்கு இங்கிலீஷில் கடிதம் அடிப்பது அவர் வேலை. மேசைக்குக் கீழே அவர் கால் ஆடிக்கொண்டே இருக்கும், கை அடித்துக்கொண்டே இருக்கும், இழுப்பறையில் பொரிகடலை இருக்கும், ஒரு வரி முடிந்தால் வாயில் ஒரு கடலை. என்னை நிமிர்ந்து பார்க்காமல் கடிதத்தை வாங்கினார். படித்தார். கால் ஆடுவது நின்றது.

"உங்க வீட்டுல எல்லாரும் நல்லா இருக்கறது தெரிஞ்சு அவருக்கு ரொம்பச் சந்தோசமாம். அடுத்த வருசம் முறை வரும்போது லீவு குடுப்பாராம்."

எனக்கு விளங்கவில்லை. சந்தோஷம் என்றால் நல்லதுதானே என்று சிரிக்கப் பார்த்தேன். அக்கா சிரிக்கவில்லை. நகலை வாங்கி, சிவப்புப் பென்சிலை எடுத்து, அண்ணாச்சி எழுதியதை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு போனார். நான் பதறிவிட்டேன்.

"அடிக்காதீங்கக்கா! அது நலம்!"

"இது நலம். இதுவும் நலம். இதுவும் அதேதான். ஏட்டி, நாலு தரம் நல்லா இருக்கோம்னு சொன்னா மனுசன் நம்பிருவான்லா? நம்பிட்டாரு." பென்சில் இரண்டாம் பக்கக் கடைசிக்கு வந்து நின்றது. "இங்கன போயா ஒளிச்சு வச்சிருக்கீங்க? இவ்வளவு தூரம் அவரு வந்திருக்கவே மாட்டாரு. சரி, சொல்லு. உங்களுக்கு என்ன வேணும்?"

"அண்ணன் வரணும்."

"எதுக்கு?"

"அய்யாவுக்கு மேலுக்குக் கொஞ்சம்..."

"கொஞ்சம்னா வேண்டாம். என்னன்னு சொல்லு. நீ சொன்னாத்தான் நான் அடிக்க முடியும்."

வெளியே பெட்டி எண்ணுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் இரண்டு மாதமாக ஒருவரும் வாயில் எடுக்காத வார்த்தை. அய்யா முதுகைத் தேய்த்துவிடும்போதெல்லாம் என் தொண்டைவரை வந்து திரும்பிப் போகும் வார்த்தை. அதை முன்பின் பழக்கமில்லாத ஒரு அக்காவிடம், பசை காய்ந்த கையை வைத்துக்கொண்டு, சொன்னேன்.

"அய்யா செத்துருவாரு."

அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. தாளைச் செருகி அடித்தார். ஒரு கடலை தின்பதற்குள் முடிந்துவிட்டது. இழுத்தெடுத்து எனக்குத் தமிழில் சொன்னார்: "என் கணவர் சாகக் கிடக்கிறார். டாக்டர்கள் கைவிட்டுவிட்டார்கள். ஒரே மகனைப் பார்க்க வேண்டும் என்கிறார். அவனை உடனே அனுப்புங்கள்." கைநாட்டு வைக்க வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார். "அம்மாகிட்ட வச்சு வாங்கி, நீயே தபால்ல போட்டுரு. சுணங்காத."

வீட்டுக்கு இரண்டு மைல். அந்த இரண்டு மைலும் நான் ஓடினேன், நின்றேன், திரும்பிப் போகலாமா என்று பார்த்தேன், மறுபடி ஓடினேன். மடியில் இருப்பது எழவுக் காயிதம் என்று எனக்குத் தெரியும். இதை அம்மாவிடம் சொன்னால் கிழித்து அடுப்பில் போடுவாள், மறுபடி அண்ணாச்சியிடம் போவாள், அண்ணாச்சி மறுபடி நாலு நலம் எழுதுவார். சொல்லாவிட்டால் அவள் புருஷன் சாவுக்கு அவளே கைநாட்டு வைத்தது மாதிரி ஆகும்.

அம்மா வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். ஆபீசர் எழுதியதை முதலில் சொன்னேன்.

"நாம நல்லா இருக்கறது அவனுக்குச் சந்தோசமாமா?" சுளகு அப்படியே நின்றது. "சந்தோசப்படட்டும், நல்லாச் சந்தோசப்படட்டும்! அவன் வீட்டுல..." என்று ஆரம்பித்து, அய்யா காதில் விழும் என்று உதட்டை மடித்துக்கொண்டாள்.

"அந்த அக்கா வேற எழுதிக் குடுத்திருக்காவம்மா. கைநாட்டு வச்சா போட்டுரலாம்."

தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நாலு வரிதானா? அண்ணாச்சி ரெண்டு பக்கம் எழுதினாவ."

"மிசின்ல அடிச்சா சுருங்கிரும்மா."

"நலம் எழுதியிருக்காளா?"

"எழுதியிருக்கும்மா."

"எங்கன?"

விரலை முதல் வரியில் வைத்தேன். "இங்கன."

அம்மா விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துப் பெருவிரலில் தடவி, அக்கா போட்ட வட்டத்துக்குள் உருட்டினாள். பிறகு கரிபடாத கையால் அந்த முதல் வரியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் கோவில்பட்டிக்குப் போய்த் தபால்பெட்டியில் போட்டேன். உள்ளே விழுந்த சத்தம் கேட்டதும் ஊரைப் பார்த்து ஓடினேன், அந்த நிமிஷமே அய்யா போயிருப்பார் என்று. அய்யா சாய்ந்து உட்கார்ந்து கேப்பைக்கூழ் குடித்துக்கொண்டிருந்தார். "என்னத்தா, நாய் வெரட்டுச்சா?" என்றார். அதற்கப்புறம் எனக்குப் பெட்டி ஒட்ட வரவில்லை. மேப்பெட்டியில் அடிப்பெட்டி நுழையாமல் கோணலாக ஒட்டி, கம்பெனியில் திருப்பி அனுப்பினார்கள். காயிதம் இப்போது மதுரை தாண்டியிருக்கும், இப்போது மெட்ராஸ் தாண்டியிருக்கும் என்று எனக்குத் தெரிந்த ஊர்ப் பேரெல்லாம் சொல்லிக்கொண்டே இருப்பேன். மெட்ராஸுக்கு அப்பால் ஊர்ப் பேர் தெரியாது; அதனால் அதற்கப்புறம் அது எங்கே போகிறது என்று தெரியாமல் தவித்தேன். அய்யா ஒரு வாய் குறைத்துச் சாப்பிட்டாலும், ஒரு தரம் கூடுதலாக முனகினாலும், அது காயிதம் செய்கிற வேலை என்றே நினைத்தேன்.

பதினாறாம் நாள் உச்சிவெயிலில், தகரப்பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு அண்ணன் ரயிலடியிலிருந்து நடந்தே வந்தான். அய்யா ரோட்டுப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். "சம்முவமா?" என்றார், எப்போதும் கேட்கிற மாதிரியே. "ஆமாய்யா" என்று சத்தம் வந்ததும் நம்பாமல் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அதன்பிறகுதான் அழுதார்.

அம்மா அண்ணனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி அதுதான். "இந்தக் காயிதத்தத் துரை பாத்தாரா? நலம் எழுதியிருந்துச்சுல்லா?"

அண்ணனிடம் அந்தக் கடிதத்தை ஆபீசர் காட்டியிருக்கிறார். அவன் அம்மாவைப் பார்த்தான். வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தான். என் முகத்தில் என்ன இருந்ததோ, எனக்குத் தெரியாது.

"எழுதியிருந்துச்சும்மா" என்றான்.

அய்யா அதற்கப்புறம் பதினோரு நாள் இருந்தார். அந்தப் பதினோரு நாளில் அண்ணன் ஏர் பூட்டி எங்கள் கரிசல் துண்டு முழுக்க விதைத்து முடித்தான். சாயங்காலம் வந்து எந்த மூலை வரைக்கும் முடிந்தது என்று சொல்லுவான், அய்யா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். முளைவிட்டதைக் கேட்டுவிட்டுத்தான் போனார். நான் ஒருத்திதான் அந்தக் கூட்டத்தில் அழாமல் இருந்தேன். கல்நெஞ்சுக்காரி என்று அத்தைமார் பேசினார்கள். அழுதால் அந்தக் காயிதத்து விஷயம் வாயிலிருந்து வந்துவிடும் என்று எனக்குப் பயம்.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அம்மா ஒன்றையே சொன்னாள்: "மிசின் அடிக்கிற அந்தப் பிள்ளை நாலே வரியில நலத்த அழுத்தி எழுதிக் குடுத்தா பாருங்க, அதான் எம் மவனைக் கொண்டாந்து சேத்துச்சு. மவன் மூஞ்சியப் பாத்துட்டுப் போனாரு." அந்த மாசியில் விளைந்த உளுந்தில் முதல் ஓலைப்பெட்டியை எஸ்தர் அக்காவுக்குத்தான் கொடுத்தனுப்பினாள். "நலம் எழுதினதுக்கு" என்று சொல்லிக் கொடுத்தேன். அக்கா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நான் எங்கட்டி நலம் எழுதினேன்?" என்றார். "அம்மாகிட்டச் சொல்லிராதீங்கக்கா" என்றேன். ஓலைப்பெட்டியை மேசைக்குக் கீழே நகர்த்திவிட்டு அடிக்க ஆரம்பித்தார். அடுத்த வருஷம் கல்யாணமாகிப் போய்விட்டார், எந்த ஊர் என்று தெரியாது.

அதற்கப்புறம் அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தாள். முப்பது வருஷமும் அந்தக் கதையைச் சொன்னாள், என் பிள்ளைகளுக்குச் சொன்னாள், மகேசின் அம்மாவுக்குச் சொன்னாள், யாருக்காவது கடிதம் எழுதினால் பக்கத்தில் உட்கார்ந்து முதலில் நலம் எழுதச் சொல்லிவிட்டு அந்தக் கதையைச் சொன்னாள். நான் அடுப்படியில் ஏதாவது வேலை இருக்கிற மாதிரி எழுந்து போய்விடுவேன். அண்ணனும் நானும் இதைப் பற்றி ஒரே ஒரு தரம் பேசினோம், அம்மாவின் காரியம் முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது. "ஆபீசரு அதப் படிக்க நேரமே ஆகலட்டி. நின்னுக்கிட்டே படிச்சாரு, நின்னுக்கிட்டே லீவுச் சீட்டக் கிழிச்சுக் குடுத்துட்டாரு" என்றான். "நான் அம்மாகிட்டப் பொய் சொல்லிக் கைநாட்டு வாங்கினேண்ணே" என்றேன். "தெரியும்" என்றான். அவ்வளவுதான்.

நான் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். அதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை; பத்து வயதில் அய்யாவுக்கு அவர் மகனைக் காட்டினவள் நான். ஆனால் அந்த வரியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட கையை நினைத்தால் எனக்கு உட்கார முடியவில்லை.

அந்தத் தீப்பெட்டிக் கம்பெனி இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம் நிற்கிறது. பெட்டியெல்லாம் அட்டையில் மிசினே செய்துவிடுகிறது. தபால்காரர் எங்கள் தெருவுக்கு வருவது எப்போதாவதுதான், வந்தாலும் பாங்கிக் கடிதம், அதில் யாரும் யாரையும் நலமா என்று கேட்பதில்லை. அதெல்லாம் போனதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. பசை ஒட்டிய கையோடு எந்தப் பிள்ளையும் இரண்டு மைல் ஓட வேண்டாம். அண்ணன் போன மாசியில் போய்விட்டான். இதை எழுத அதுதான் காரணம். இரண்டு பேர் பிடித்துக்கொண்டிருந்ததை இப்போது நான் ஒருத்தி பிடித்துக்கொண்டிருக்கிறேன், கை தாங்கவில்லை. அதனால் எழுதிவிட்டேன்.

எழுதியது முழுக்க வந்திருக்கிறதா என்று எனக்கே தெரியவில்லை. என் எழுத்தை நானே கூட்டிப் படித்தால் பாதியில் மூச்சு முட்டுகிறது.

ஏட்டி மகேசு, அந்தக் கம்ப்யூட்டர மூடி வச்சுட்டு இங்கன வந்து உக்காரு. இந்தா, இதப் புடி. முதல்லருந்து சத்தமா வாசி. ஒண்ணையும் அடிக்காத, ஒண்ணையும் எடுக்காத. நான் அம்மாகிட்டப் பொய் சொன்ன எடம் வரும்போது என்னைய நெனச்சு வேகமாத் தாண்டிப் போயிராத, நிறுத்தி வாசி.